கிளிக் செய்ய வைக்கும் வரிகள்: கால் டு ஆக்‌ஷன் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளம்பரமோ, லேண்டிங் பேஜோ (விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் பக்கம்), இமெயிலோ, எதுவானாலும் ஓர் இடத்தில் வாசகரிடம் "இதைச் செய்யுங்கள்" என்று கேட்டாக வேண்டும். அந்த வரிக்குத்தான் கால் டு ஆக்‌ஷன், சுருக்கமாக சிடிஏ என்று பெயர். தமிழில் மார்க்கெட்டிங் எழுதுகிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

சிடிஏ என்றால் பட்டனில் இருக்கும் இரண்டு வார்த்தைதானே? அதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

பட்டன் அதன் கடைசித் துண்டு. வாசகர் முடிவெடுப்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள வரிகளில்தான். 1898 வாக்கில் அமெரிக்க விளம்பரக்காரர் எல்மோ லூயிஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய வரிசை ஒன்று உண்டு: கவனம், ஆர்வம், விருப்பம், செயல். செயல் அதில் நாலாவதாக வருகிறது. முதல் மூன்றும் நடக்காத பக்கத்தில் பட்டனை எப்படி மாற்றி மாற்றி எழுதினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. அதனால் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றால், பட்டனுக்கு மேலே உள்ள இரண்டு மூன்று வாக்கியங்களை முதலில் படித்துப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சரி, பட்டனில் என்னதான் எழுதுவது?

அழுத்தியதும் என்ன நடக்குமோ அதை எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வாசகருக்குப் பட்டனைப் பார்த்ததும் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இதைத் தொட்டால் நான் எதில் மாட்டுவேன்? பணம் போகுமா, யாராவது ஃபோன் செய்து நச்சரிப்பார்களா, பத்து கட்டம் உள்ள படிவம் வருமா? 'சமர்ப்பிக்கவும்', 'தொடங்குங்கள்', 'மேலும்' போன்ற சொற்கள் இதில் எதற்கும் பதில் சொல்வதில்லை.

பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் பதிவு செய்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். பெரிய இணையக் கடை ஒன்றில் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும் நேரத்தில் 'பதிவு செய்' என்ற பட்டன் வந்து நிற்கும். பொருள் வாங்க வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல். அந்தப் பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. பொருளோ விலையோ மாறவில்லை. வாசகரின் பயத்துக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. கூகுள் தன் ஹோட்டல் தேடலில் 'அறையை முன்பதிவு செய்' என்பதை 'காலி இருக்கிறதா பார்' என்ற பொருளில் மாற்றியபோது, அதைத் தொடுகிறவர்கள் 17 சதவீதம் அதிகரித்ததாகச் சொன்னது. அந்தக் கட்டத்தில் மக்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், முன்பதிவு செய்யும் மனநிலைக்கு வரவில்லை. பட்டன் அவர்களைவிட ஒரு படி முன்னால் ஓடியிருக்கிறது. சிடிஏ எழுதும்போது நாம் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். வாசகர் எந்தப் படியில் நிற்கிறாரோ, அதற்கு அடுத்த படியை மட்டும் கேட்க வேண்டும்.

ஒரு முழு உதாரணம் காட்ட முடியுமா?

சிறு வணிகர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி கண்ணில் படும் மாதிரி இப்படி இருக்கும்:

"எங்கள் மென்பொருள் உங்கள் தொழிலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லும். இன்றே தொடங்குங்கள்!"
பட்டன்: சமர்ப்பிக்கவும்

'அடுத்த கட்டம்' என்றால் என்ன என்று சொல்லவில்லை. எதைத் தொடங்குவது என்றும் தெரியவில்லை. 'சமர்ப்பிக்கவும்' என்பதோ படிவம் வாங்கும் கம்ப்யூட்டரின் பார்வையில் எழுதிய சொல். கடைக்காரருக்கு எதையும் சமர்ப்பிக்கும் ஆசை இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, மாதக் கணக்கு முடிப்பது, மூன்றையும் ஒரே இடத்தில் செய்யலாம். 14 நாள் எல்லா வசதிகளும் இலவசம்."
பட்டன்: முதல் பில்லைப் போட்டுப் பாருங்கள்
பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில்: கார்டு விவரம் கேட்க மாட்டோம். மொபைல் எண் போதும்.

இங்கே 'முதல் பில்' என்பது கடைக்காரருக்குத் தினமும் கையில் புழங்கும் விஷயம். 'போட்டுப் பாருங்கள்' என்பதில் வரும் 'பாருங்கள்' அந்தக் காரியத்தை இலேசாக்குகிறது, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்ற தொனி தமிழில் அந்தத் துணைவினையிலேயே இருக்கிறது. கீழே உள்ள சின்ன வரி பயத்தைப் போக்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அழுத்தியதும் உண்மையிலேயே பில் போடும் திரைதான் வர வேண்டும். நிறுவன விவரம் கேட்கும் நீண்ட படிவம் வந்தால், பழைய பட்டனே பரவாயில்லை.

'செய்', 'செய்யவும்', 'செய்யுங்கள்': எதைப் போடுவது?

மூன்றும் சரிதான். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆப்-க்குள் இருக்கும் 'சேமி', 'அனுப்பு', 'தேடு' போன்ற பட்டன்களில் பயனர் இயந்திரத்துக்கு உத்தரவு போடுகிறார். அங்கே மரியாதை விகுதி தேவையில்லை, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் நாம் வாசகரிடம் பேசுகிறோம். அங்கே 'வாங்கு', 'சேர்' என்று நின்றால் சுருக்கென்று படும். 'வாங்குங்கள்', 'சேருங்கள்' என்பதே இயல்பு. 'செய்யவும்' என்பதில் அறிவிப்புப் பலகையின் வாடை அடிக்கும். விண்ணப்பம், கட்டணம் செலுத்தும் பக்கம் போன்ற இடங்களில் அந்த விறைப்பு நம்பகத்தன்மையைக்கூடத் தரலாம். மனதைத் தொட வேண்டிய இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

நாலாவது வழியும் உண்டு: வாசகரே பேசுவது. 'எனக்கு அனுப்புங்கள்', 'இடம் பிடிக்கிறேன்' என்று பட்டன் அவர் குரலில் இருக்கும். செய்திமடலுக்கு 'சந்தா சேரவும்' என்பதைவிட 'வியாழக்கிழமை இதழை எனக்கு அனுப்புங்கள்' என்பது எனக்குப் பிடிக்கும். எப்போது வரும், என்ன வரும் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் மேலே முழுக்க 'உங்கள்', 'உங்களுக்கு' என்று எழுதிவிட்டுச் சுற்றியுள்ள சின்ன வரிகளில் 'என்', 'எனக்கு' என்று கலந்தால் யார் பேசுவது என்று குழம்பும். பட்டனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'ட்ரை பண்ணிப் பாருங்க' போன்ற பேச்சு நடை வேண்டாமா என்றால், தாராளமாக எழுதலாம். பக்கம் முழுவதும் அந்த நடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே செந்தமிழும் பட்டனில் அரட்டையும் ஒட்டாது.

வினைச்சொல்லில் தொடங்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றனவே?

அது ஆங்கிலத்துக்கான அறிவுரை. அந்த மொழியில் ஏவல் வாக்கியம் வினையில்தான் தொடங்கும். தமிழில் வினை கடைசியில் வரும். அதை வலிந்து முன்னால் கொண்டுவந்து 'பெறுங்கள் உங்கள் இலவசக் கையேட்டை' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நம் வாக்கிய அமைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. கிடைக்கப்போகும் பொருள் முதலில் வந்துவிடுகிறது: 'விலைப்பட்டியலைப் பாருங்கள்', 'மாதிரி வினாத்தாளை இறக்கிக்கொள்ளுங்கள்'. கண் முதலில் படுவது விலைப்பட்டியலில், வினாத்தாளில். வாசகருக்கு வேண்டியதும் அதுதான்.

சிக்கல் வருவது நீளத்தில். ஃபோன் நோட்டிஃபிகேஷனில், தேடல் விளம்பரத்தில், இமெயில் தலைப்பில் வரி பாதியில் வெட்டுப்படும். வெட்டுப்படுவது எப்போதும் வால் பகுதி, நம் வினை அங்கேதான் இருக்கிறது. 'புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கான இலவசப் பயிலரங்குக்கு இன்றே பதிவு செய்யுங்கள்' என்று எழுதினால், திரையில் 'புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கான இல…' என்று நின்றுவிடும். அழைப்பே வாசகரை எட்டாது. அதை 'பதிவு திறந்தது: சனிக்கிழமை இலவசப் பயிலரங்கு' என்று திருப்பிப் போட்டால் எங்கே வெட்டினாலும் செய்தி தங்கும். 'பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்' போன்ற நீண்ட தொடர்கள் சின்ன ஃபோனில் பட்டனையே இரண்டு வரியாக்கிவிடும். டிசைனர் கையில் கொடுக்கும் முன் உங்கள் ஃபோனிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிய பட்டனில் தமிழ் பிதுங்கி நிற்பதை எத்தனையோ தளங்களில் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தில் எத்தனை சிடிஏ இருக்கலாம்?

கேட்கும் காரியம் ஒன்று, கேட்கும் இடங்கள் பல. நீண்ட பக்கமாக இருந்தால் அதே அழைப்பை மேலே, நடுவில், முடிவில் வைப்பதில் தவறே இல்லை. சிக்கல் வருவது 'வாங்குங்கள்', 'டெமோ பாருங்கள்', 'செய்திமடலில் சேருங்கள்', 'எங்களைப் பின்தொடருங்கள்' எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் நிற்கும்போது.

இந்த இடத்தில் 2000-இல் வெளியான ஜாம் ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் செய்தது. 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். உண்மைதான். ஆனால் 2010-இல் இதுபோன்ற 50 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. எனவே 'தேர்வு குறைந்தால் விற்பனை கூடும்' என்பதைச் சட்டம்போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரே அழைப்பை முன்னிறுத்தச் சொல்வதற்கு எளிமையான காரணம் இருக்கிறது: அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்பதை எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நிறுவனத்துக்குள் நாலு பேர் நாலு பட்டன் கேட்கும்போது இது கடினம்தான். முக்கியமான ஒன்றுக்கு நிறம் கொடுங்கள், இரண்டாவதைச் சாதாரண லிங்க்காக விடுங்கள், மற்றவை அடிக்குறிப்புப் பகுதிக்குப் போகட்டும்.

பட்டன் எந்த நிறத்தில் இருந்தால் நல்லது?

எந்த நிறமானாலும் சரி, பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். இணைய அணுகல்தன்மை விதிகளின்படி எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும், பெரிய எழுத்தானால் 3:1 போதும். விரலால் தொடும் பட்டன் 44 பாயின்ட் (திரையில் அளக்கும் அலகு) அகல உயரமாவது இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். கூகுள் 48 என்கிறது. இதற்கு மேல் நிறத்தைப் பற்றி விவாதிக்கும் நேரத்தை வாசகத்துக்குக் கொடுக்கலாம்.

'இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதுவதில் என்ன தப்பு?

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், பக்கத்தில் உள்ள லிங்க்குகளை மட்டும் தனியாக வரிசைப்படுத்திப் படிக்கும் வசதி கொண்டது. அதில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று ஐந்து முறை கேட்கிறவருக்கு எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? பார்வை உள்ளவர்களும் பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்துகொண்டு போகும்போது லிங்க்கின் சொற்களில்தான் கண் நிற்கும். 'தேர்வு அட்டவணையைப் பாருங்கள்' என்று போகும் இடத்தின் பெயரையே லிங்க்காக்குங்கள். இமெயிலில் இன்னொரு கவனம் வேண்டும்: பட்டனைப் படமாக மட்டும் வைக்காதீர்கள். படங்களை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு உங்கள் அழைப்பு வெறும் கட்டமாகத் தெரியும்.

'இன்று மட்டும்', 'இன்னும் 3 இடங்களே' போன்ற அவசரம் வேலை செய்கிறதே?

உண்மையான அவசரம் வேலை செய்யும், செய்யவும் வேண்டும். பதிவுக்குக் கடைசி நாள் இருந்தால் அதைத் தேதியோடு சொல்வது வாசகருக்குச் செய்யும் உதவி. பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும் கவுன்ட்டவுன் பொய். அதைக் கண்டுபிடித்தவர் பிறகு நீங்கள் சொல்லும் நிஜமான தேதியையும் நம்ப மாட்டார்.

'வேண்டாம், எனக்குப் பணம் சேமிப்பதில் ஆர்வமில்லை' என்று மறுக்கும் பட்டனில் குத்திக்காட்டுவதும் இந்த வகைதான். இப்படிப்பட்ட தந்திரங்களுக்கு 2010-இல் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். இப்போது சட்டமும் பார்க்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. போலி அவசரம், குற்றவுணர்வூட்டும் மறுப்புப் பட்டன் இரண்டும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை விதி இன்னும் நேரடி: பணம் கட்ட வேண்டிவரும் பட்டனில் அது தெளிவாக எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆர்டர் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. ஒரு பட்டனின் வாசகத்தைச் சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பது எழுதுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம்.

விருப்பம் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப் போடுகிறார்கள். என்ன செய்வது?

இன்னும் கொஞ்சம் உசுப்பேற்ற வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் குழுவினரும் செய்த ஆய்வு வேறு வழியைக் காட்டுகிறது. மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வைக்க வேண்டும். நோயைப் பற்றிய தகவல் மட்டும் கிடைத்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். சுகாதார மையம் குறிக்கப்பட்ட வளாக வரைபடத்தையும் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று யோசித்து வைக்கச் சொன்னபோது அது 28 சதவீதமானது. மையம் எங்கே என்று அந்த மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனாலும் போகும் வழியும் நேரமும் கண்முன் வந்தபோதுதான் கால் நகர்ந்தது.

சிடிஏ-வில் இதை அப்படியே பயன்படுத்தலாம். 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்பதற்குப் பதில் 'செவ்வாய் அல்லது வியாழன், 15 நிமிட அழைப்புக்கு நேரம் தேர்ந்தெடுங்கள்' என்று எழுதுங்கள். 'ஆவணங்களைத் தயாராக வைத்திருங்கள்' என்பதோடு நிறுத்தாமல், எந்த இரண்டு ஆவணம் என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகும், அதற்கு அப்புறம் யார் பேசுவார்கள், எப்படி ரத்து செய்வது என்பதெல்லாம் பட்டனுக்கு அருகில் ஒரு வரியில் இருக்கட்டும். எங்கோ இருக்கும் கேள்வி-பதில் பக்கத்தில் அதே தகவல் இருந்தும் பயனில்லை, தயக்கம் வரும் இடம் பட்டன்தான்.

இரண்டு வடிவம் எழுதி ஏ/பி டெஸ்ட் செய்தால் (வாசகர்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வடிவத்தைக் காட்டி ஒப்பிட்டால்) விடை தெரிந்துவிடாதா?

தெரியும், கூட்டம் இருந்தால். நூறு பேருக்கு 2 பேர் சேரும் பக்கத்தில் அது 2.5 ஆக உயர்ந்ததா என்று நம்பிக்கையோடு சொல்ல, வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி ஒவ்வொரு வடிவத்தையும் சுமார் 14,000 பேர் பார்க்க வேண்டும். 200 பேர் பார்த்து 4-க்கு 6 என்று வந்தால் அது வெறும் இரண்டு ஆட்கள் வித்தியாசம். அவ்வளவு குறைந்த டிராஃபிக் உள்ளவர்கள் டெஸ்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஐந்து வாசகர்களிடம் பட்டனைக் காட்டி "இதை அழுத்தினால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதே மேல். அவர்கள் சொல்லும் பதில் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

பெரிய டெஸ்ட்டுகளின் முடிவை அப்படியே கடன் வாங்கவும் வேண்டாம். ஒபாமாவின் தேர்தல் பிரச்சாரத் தளத்தில் 2007 டிசம்பரில் நடந்த சோதனை பிரபலம். படங்களையும் பட்டன்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்த 24 சேர்க்கைகளை வைத்துப் பார்த்ததில் குடும்பப் படமும் 'மேலும் அறிக' என்ற பட்டனும் சேர்ந்த வடிவம் வென்றது. சேர்பவர்களின் விகிதம் 8.26-லிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தது. 'மேலும் அறிக' என்பது மழுப்பலான சிடிஏ என்று பாடம் சொல்பவர்களுக்கு இது சங்கடம். அந்த வேட்பாளரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளாத மக்கள் அப்போது நிறைய இருந்தார்கள், அவர்களுக்கு அடுத்த படி அதுதான் என்பது என் கணிப்பு. உங்கள் வாசகருக்கு அடுத்த படி வேறாக இருக்கும்.

கிளிக் நிறைய வருகிறது, ஆனால் யாரும் வாங்கவில்லை. சிடிஏ நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் வந்த, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் விளம்பரம்தான் இணையத்தின் முதல் பேனர்களில் ஒன்று. "இந்த இடத்தில் எப்போதாவது கிளிக் செய்திருக்கிறீர்களா? செய்வீர்கள்" என்பதுதான் அதன் வாசகம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்லப்படுகிறது. புதுமையின் ஆர்வத்தில் வந்த கிளிக் அது. அதே ஆர்வத்தைத் தூண்டி இன்று கிளிக் வாங்கினால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடுத்த பக்கத்தில் திரும்பிவிடுவார்கள்.

கிளிக்குக்கும் வாங்குவதற்கும் நடுவே பெரிய ஓட்டை இருந்தால், பட்டன் சொன்னதும் அடுத்த பக்கம் தருவதும் வேறு வேறாக இருக்கும். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டனில் 'விலைப்பட்டியலைப் பாருங்கள்' என்றிருந்தால் அடுத்த பக்கத்தின் தலைப்பில் 'விலைப்பட்டியல்' என்ற அதே சொல் இருக்க வேண்டும், விலையும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். விலைக்கு முன்னால் படிவம் ஒன்றை நிறுத்தியிருந்தால், ஒன்று படிவத்தை எடுங்கள், இல்லாவிட்டால் பட்டனை 'விவரம் கொடுத்து விலை கேளுங்கள்' என்று மாற்றுங்கள். கிளிக் குறையும். வருகிறவர்கள் படிவத்தை நிரப்பத் தயாராக வருவார்கள்.